டீம் ஷீட்டில் நம்ம பசங்கள் பெயரை எழுதுங்கள்

வடசென்னையில் கால்பந்து டீம் நடத்தும் கோச் அண்ணன்களுக்கும், டோர்னமெண்ட் நடத்தும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். வியாசர்பாடியில் ஒன்பது வருடம் லெஃப்ட் பேக் ஆடியவன் நான். இப்போது வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் சின்னப் பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். உங்களில் பாதிப் பேர் என்னைத் தூக்கிவிட்டவர்கள். அந்த உரிமையில் கேட்கிறேன்: ஏழு பேர் ஆடும் செவன்ஸ் டோர்னமெண்டுக்கு வெளியாளைக் காசு கொடுத்துக் கெஸ்ட் பிளேயராக இறக்குவதை நிறுத்துங்கள் அண்ணா.

போன மாதம் ஒரு அரையிறுதி பார்த்தேன். நம்ம ஏரியா டீம். முந்தின ராத்திரி போன் போட்டு மூன்று பேரை வரவழைத்திருந்தார்கள். பத்து மாதமாக விடியற்காலை ஐந்தரைக்கெல்லாம் வந்து பந்துக்குக் காற்றடித்து, கோன் வைத்து, எல்லாருக்கும் முன்னால் ஓட ஆரம்பிக்கிற பையன் ஒருவன் உண்டு. அவன் தன் ஜெர்ஸியைக் கழற்றி, வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீர் கேனோடு கோட்டுக்கு வெளியே போய் நின்றான். காலை மேட்ச்சில் ஆடிய வியர்வை அந்த ஜெர்ஸியில் இன்னும் காயவில்லை.

இரண்டாம் பாதியில் ஒரு பந்து கீப்பருக்கும் புதிதாக வந்த பேக்குக்கும் நடுவில் விழுந்தது. கீப்பருக்கு அவர் பெயர் தெரியாது. 'அண்ணா!' என்று கத்தினான். மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோல். எதிர் டீம் கோல் போட்டால் வெளியே இருந்து முதலில் 'விடு மச்சான், ஏறு' என்று கத்துகிறவன் அந்தப் பையன்தான். அன்றைக்கு அவன் கேன் மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தான்.

தோற்றதற்காக இதை எழுதவில்லை. ஏழு பேரைச் சேர்த்துவிட்டால் டீம் ஆகிவிடும் என்று நாம் நினைக்கிறோமே, அதைப் பற்றித்தான் பேசவேண்டும்.

மாக்ஸ் ரிங்கல்மான் என்று பிரான்சில் ஒரு வேளாண் பொறியாளர் இருந்தார். ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து அளந்து பார்த்தார். அந்த முடிவுகள் 1913இல் வெளிவந்தன. எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தால், ஒருவன் தனியாக இழுக்கும்போது போடும் பலத்தில் ஏறக்குறையப் பாதிதான் ஒவ்வொருவர் பங்குக்கும் வந்தது. எல்லாரும் ஒரே நொடியில் இழுக்காதது ஒரு காரணம். அடுத்தவன் இழுத்துக்கொள்வான் என்ற நினைப்பு இன்னொன்று. 1974இல் அமெரிக்காவில் இதையே வேறு மாதிரி செய்தார்கள். கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் பிடித்திருப்பதாக நம்பவைத்து, ஒருவனையே தனியாக இழுக்கவிட்டார்கள். அப்போதும் பலம் குறைந்தது.

கரைவலை இழுக்கிறவர்கள் அம்பா பாடுவது எதற்கு? அத்தனை கையும் ஒரே நேரத்தில் கயிற்றில் விழவேண்டும் என்றுதானே. காசிமேட்டுப் பெரியவர்களுக்கு இதை யாரும் போய்ச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம்ம கிரவுண்டில் அந்தப் பாட்டு எது என்றால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'லீவ்' (பந்தை விடு), 'மேன் ஆன்' (ஆள் நெருங்குறான்), 'டைம் இருக்கு' என்று சொல்கிற குரல்தான். அது மாதக்கணக்கில் சேர்ந்து ஓடினால் வருவது. ராத்திரி போனில் வராது.

அதற்காக எல்லாரும் உயிர் நண்பர்களாக இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக்கில் எட்டுப் பேர் துடுப்புப் படகில் தங்கம் வென்ற ஜெர்மன் அணியில் ஒருவர் ஹான்ஸ் லெங்க். உள்ளே கடும் சண்டை ஓடிய படகுக்குழுவும் உலகத் தரத்தில் ஜெயிக்கிறது என்று அவர் பிற்பாடு எழுதிக் காட்டினார். கனடாவில் விளையாட்டு உளவியல் ஆய்வாளர் ஆல்பர்ட் கேரன் டீமின் ஒட்டுதலை இரண்டாகப் பிரித்தார்: ஒருவரோடு ஒருவர் ஒட்டுவது வேறு, எல்லாரும் வேலையோடு ஒட்டுவது வேறு. அவரும் கூட இருந்தவர்களும் 46 ஆய்வுகளைத் திரட்டி 2002இல் வெளியிட்டார்கள். ஒட்டுதலுக்கும் ஆட்டத்துக்கும் நல்ல தொடர்பு இருந்தது. பெண்கள் அணிகளில் அது இன்னும் அதிகம். நம்ம பெண் பிள்ளைகள் டீமை நடத்துகிற அக்காக்கள் இதைக் கவனிக்கவேண்டும். ஜெயித்தாலும் ஒட்டுதல் கூடுகிறது என்பதும் உண்மை. ஆனால் யார் ஜெயித்தால்? கேன் பிடித்து நின்றவனுக்கு அந்தக் கோப்பையில் என்ன இருக்கிறது?

நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று தெரியும். 'பரிசுப் பணம் வராட்டி பந்து யார்டா வாங்குறது?' சரிதான் அண்ணா. ஆட்டோ ஸ்டாண்டிலும் மீன் மார்க்கெட்டிலும் நானும் நோட்டைத் தூக்கிக்கொண்டு வசூலுக்குப் போயிருக்கிறேன். ஆனால் கெஸ்டுக்குக் கொடுக்கிற காசு, அவர் பெட்ரோல், பிரியாணி எல்லாம் கழித்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். தோற்றுவிட்டால் அதுவும் போச்சு. தனபால் கணேஷ் இந்த வியாசர்பாடியில் இருந்து சென்னையின் எஃப்சி என்ற ஐஎஸ்எல் டீம் வரைக்கும் போனார். அப்படி இன்னொருவன் போகவேண்டுமென்றால் அவனுக்கு ஆட நிமிடம் வேண்டும்.

டோர்னமெண்ட் நடத்துகிறவர்கள் இரண்டு வாரம் முன்னாலேயே பெயர்ப் பட்டியலை வாங்கி மூடிவிடுங்கள். அதற்கு மேல் ஒரு பெயரும் ஏறக்கூடாது. கோச் அண்ணன்கள், சப்பில், அதாவது மாற்று ஆளாக, வெளியே இருக்கிற பையனுக்கும் ஒரு வேலையைக் கையில் கொடுங்கள். எதிர் டீம் கார்னர் எடுத்தால் யாரைப் பிடிக்கவேண்டும் என்று அவனுக்கும் தெரிந்திருக்கட்டும். எந்த நிமிடம் இறங்குவான் என்பதை மேட்ச்சுக்கு முன்னாலேயே அவனிடம் சொல்லிவிடுங்கள்.

பொங்கல் டோர்னமெண்டுக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பையன் இப்போதும் கிரவுண்டுக்கு வருகிறான். ஐந்தரைக்கு இல்லை, ஆறேகாலுக்கு. பந்துக்கு வேறு யாரோ காற்றடிக்கிறார்கள். டீம் ஷீட்டை எடுத்து, அவன் பெயரை எழுதிவிட்டு, அதை அவனிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள் அண்ணா.

அன்புடன்,
உங்கள் பழைய லெஃப்ட் பேக்
வியாசர்பாடி