வருகைக் கணக்கில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

உப்புவெளியில் நான்கு அறைகள் உள்ள விருந்தினர் விடுதியொன்றை நானும் கணவரும் நடத்துகிறோம். அதற்கு முன் 22 வருடம் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கெழுதியவள் நான். ஒரு தொகை பிழைத்தால் இன்றைக்கும் எனக்கு நித்திரை வராது.

எங்கள் இணையத்தளத்தைப் பராமரிக்கும் நிறுவனம் மாதாமாதம் ஓர் அறிக்கை அனுப்பும். மே மாதத்துக்கு 2,640 வருகைகள் என்றிருந்தது. அறை கேட்டு எழுதியவர்கள் 9 பேர். 293 பேர் பார்த்தால் ஒருவர்தான் கேட்கிறார், அப்படியென்றால் தளத்தில்தான் குறை, 85,000 ரூபாயில் புதிதாகச் செய்வோம் என்றார்கள். வருகைகளில் பெரும்பங்கு அமெரிக்காவின் அஷ்பேர்ன் என்ற ஊரிலிருந்தாம். அந்த ஊர்க்காரருக்கு விளம்பரமும் போடச் சொன்னார்கள். சீசன் நேரமென்று முற்பணத்தை எடுத்தும் வைத்துவிட்டேன்.

திருகோணமலை வளாகத்தில் கணினி படிக்கும் என் பெறாமகள்தான் தடுத்தாள். "சின்னம்மா, அது இணையத்தளங்களை இயக்குகிற சேர்வர் கணினிகளை அடுக்கி வைத்திருக்கிற ஊர். அங்கேயிருந்து வாறது ஆட்களில்லை" என்றாள்.

தளத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் குறித்து வைக்கும் சேர்வரின் அசல் பதிவேட்டைக் கேட்டு வாங்கினோம். இரண்டு இரவு சாப்பாட்டு மேசையில் வைத்து வரிவரியாகப் பார்த்தோம். அதிகாலை 3.12க்கு ஒரே இணைய எண் முகவரியிலிருந்து ஆறு செக்கனில் 41 கோரிக்கைகள். அறைகளின் படத்தை ஒன்றுகூடக் கேட்கவில்லை. வேர்ட்பிரஸ் என்ற மென்பொருளில் செய்த தளங்களின் உள்நுழைவுப் பக்கத்தையும், கடவுச்சொற்களை எழுதி வைக்கும் 'டொட் என்வ்' என்ற கோப்பையும்தான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறது. எங்கள் தளம் வேர்ட்பிரஸில் செய்ததே அல்ல. இல்லாத கதவையெல்லாம் தள்ளிப் பார்த்துவிட்டுப் போன ஸ்கானரையும் (துளை தேடும் தானியங்கி மென்பொருளையும்) விருந்தினர் பட்டியலில் சேர்த்திருந்தார்கள்.

இந்தச் சின்ன விடுதியை யார் தேடி வரப்போகிறார்கள் என்று நினைத்தேன். எங்களைத் தேட வேண்டியதே இல்லையாம். இணையத்தின் பழைய முகவரி முறையில் மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள்தான். 2013இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட மென்பொருளால், வேகமான இணைப்புள்ள ஒரே கணினி அவ்வளவையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிடும். தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் எடுத்தாலும் தளத்தின் பெயர் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடுகிறது. தானியங்கி மென்பொருட்களுக்கு அறிவிப்பு வைக்கும் ரோபோட்ஸ் கோப்பில் 'உள்ளே வராதே' என்று எழுதி வைக்கலாம், ஆனால் துளை தேடி வருகிறவர் அதை மதிப்பதில்லை. வருகைகளை எண்ணித் தரும் கூகுள் அனலிட்டிக்ஸ் தனக்குத் தெரிந்த பொட்களை, அதாவது தானியங்கி மென்பொருட்களை, தானே விலக்குகிறது, உண்மைதான். ஆனால் குரோம் உலாவிபோலவே வேடம் போட்டு வருவது அதற்குள்ளும் புகுந்துவிடும்.

எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியது 310. அதில் 9 பேர் என்றால் 34 பேருக்கு ஒருவர். தளத்தில் பெரிய குறை ஒன்றுமில்லை, தளத்தைப் பார்க்கும் ஆட்கள்தான் குறைவு. இந்த இரண்டு குறைகளுக்கும் மருந்து வேறு.

கழிக்கும்போதும் கவனம் வேண்டும். சேர்வர்கள் இருக்கும் தரவு மையத்து முகவரி எல்லாவற்றையும் வெட்டுவோம் என்றுதான் நானும் முதலில் சொன்னேன். பார்த்தால், அறை கேட்டு எழுதிய ஒரு ஜேர்மன் தம்பதியும் சொந்த முகவரியை மறைத்து வேறு முகவரி காட்டும் விபிஎன் வழியாக அப்படியொரு முகவரியிலிருந்துதான் வந்திருந்தார்கள். எனவே ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக்கூடாது. இல்லாத பக்கங்களைக் கேட்டதா, படங்களை இறக்கியதா, என்ன வேகத்தில் வந்தது, உலாவியின் பெயர் என்ன என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். அனலிட்டிக்ஸில் இன்று போடும் வடிகட்டி பழைய எண்களைத் திருத்தாது. தவறிக் கழிந்ததும் திரும்பி வராது. ஆகவே அசல் பதிவேட்டின் பிரதி கட்டாயம் கையில் இருக்க வேண்டும்.

நிலாவெளி வரைக்கும் எத்தனையோ சிறு விடுதிகளும் படகுக்காரரும் இப்படியான அறிக்கைகளுக்குக் காசு கொடுக்கிறார்கள். அறிக்கை தருகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மொத்தம் எவ்வளவு, ஸ்கானரென்று கழித்தது எவ்வளவு, எதை வைத்துக் கழித்தீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். நாங்கள் சங்கத்தில் கழிவு காட்டாத கணக்கில் கையெழுத்து வைத்ததில்லை. அந்த மூன்று வரி வந்த பிறகே அடுத்த அறிக்கைக்குப் பணம் கட்டுவேன் என்று எங்கள் நிறுவனத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
விடுதி நடத்தும் வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.