வெள்ள நிவாரணம்: மூன்று தொகைகளைத் தனித்தனியே அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் நிவாரண நிதி பற்றித் தங்கள் நாளிதழ் வெளியிட்ட செய்தியில், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலுக்கும் தென்மாவட்ட வெள்ளத்துக்கும் தமிழ்நாடு கேட்டது சுமார் 37,900 கோடி ரூபாய், டில்லி கொடுத்தது 276 கோடி என்ற ஒரு கட்சியின் அறிக்கை மேலேயும், 900 கோடி ரூபாய் அப்போதே கொடுத்தாயிற்று என்ற மற்றொரு கட்சியின் அறிக்கை கீழேயும் இடம்பெற்றிருந்தன. இந்தத் தொகைகளில் எதுவும் பொய்யில்லை. ஆனால் அவற்றைப் படித்து முடித்த வாசகருக்கு என்ன நடந்தது என்பது மட்டும் விளங்கியிருக்காது. வருவாய்த் துறையில் பல ஆண்டுகள் வெள்ளச் சேதக் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சிலவற்றைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். (ஒன்றிய அரசு என்று எழுதினால் ஒரு கட்சிக்காரன், மத்திய அரசு என்று எழுதினால் இன்னொரு கட்சிக்காரன் என்று பார்க்கும் காலம் இது. பணியில் இருந்தபோது எழுதிப் பழகிய சொல் என்பதால் மத்திய அரசு என்றே எழுதுகிறேன்.)

முதலில் அந்த 900 கோடி. மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையே வரிப் பணத்தைப் பங்கிடும் நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, மழை பெய்தாலும் பொய்த்தாலும், ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஆண்டுதோறும் மாநிலப் பேரிடர் நிவாரண நிதி ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டைப் போன்ற மாநிலங்களுக்கு அதில் நூற்றுக்கு 75 பங்கு மத்திய அரசுடையது, 25 பங்கு மாநிலத்துடையது. 2023-24இல் தமிழ்நாட்டுக்கு இந்த வகையில் 1,200 கோடி. மத்திய அரசின் பங்கு 900 கோடி, தலா 450 கோடியாக இரண்டு தவணை. மிக்ஜாம் புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட சில நாள்களில் இரண்டாவது தவணை விடுவிக்கப்பட்டபோது, அது புயலுக்கென்றே எடுத்துக் கொடுத்த உதவியைப் போலப் பேசப்பட்டது. ஃபெஞ்சல் புயலுக்குப் பின் 2024 டிசம்பரில் விடுவித்த 944.80 கோடியும் இதே வகையைச் சேர்ந்ததுதான். மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்துவிட்டு, இதோ தீபாவளி போனஸ் என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வேறுபாடில்லை.

இனி மாநிலம் கேட்ட தொகைக்கு வருகிறேன். மிக்ஜாமுக்காகக் கோரப்பட்ட 19,692 கோடியில் உடனடி நிவாரணத்துக்கும் தற்காலிகச் சீரமைப்புக்கும் உரியது 7,033 கோடி மட்டுமே. எஞ்சிய 12,659 கோடி நிரந்தரச் சீரமைப்புக்கானது. மாநில நிதி போதாதபோது கைகொடுக்கும் தேசியப் பேரிடர் நிவாரண நிதியின் விதிமுறைப் பட்டியலில் நிரந்தரச் சீரமைப்பு கிடையாது. கோரிக்கை மனுவைத் தயாரிக்கும் எந்த அலுவலருக்கும் இது தெரியும். கீழ்நிலையில் கணக்கு எழுதிய எனக்கே தெரியும். ஆயினும் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகத்தான் அது மேடைக்கு வருகிறது. கேட்டது பெரிதாக இருந்தால்தானே கிடைத்தது சிறிதாகத் தெரியும்!

அதற்காக, உடைந்த கண்மாய்க் கரைக்கும் அரித்துப்போன சாலைக்கும் பணம் கேட்டதே தவறு என்று சொல்ல மாட்டேன். வேறு யாரிடம் போய்க் கேட்பது? மீட்புக்கும் மறுகட்டுமானத்துக்கும் தனியாக ஒரு பங்கை ஒதுக்க வேண்டும் என்று 15ஆவது நிதிக்குழு 2021-26 காலத்துக்கே பரிந்துரை செய்திருந்தது. அந்தப் பணத்தை எப்படிக் கொடுப்பது என்ற வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய உள்துறை 2024 ஆகஸ்டில்தான் வெளியிட்டது. அந்த ஐந்தாண்டுக் காலத்தில் மூன்றாண்டுக்கு மேல் வாசல் கட்டாமலே கழிந்திருக்கிறது. மாநிலம் தவறான கதவைத் தட்டியது என்று ஏளனம் செய்தவர்கள் சரியான கதவைத் திறந்துவைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இது பழிவாங்கல் என்பார் அன்றைய மாநில ஆளுங்கட்சியினர். விதிப்படி நடந்தது என்பார் எதிர்த்தரப்பினர். இரண்டு பழைய கணக்குகளை அருகருகே வைத்துப் பார்த்தேன். 2018 கஜா புயலின்போது இங்கே இருந்தது டில்லியோடு இணக்கமான அரசு என்பதில் யாருக்கும் ஐயமில்லை. அன்று கேட்டது சுமார் 15,000 கோடி, ஒப்புதல் கிடைத்தது 1,146 கோடி. 2024 ஃபெஞ்சல் புயலின்போது இருந்தது டில்லியோடு மல்லுக்கு நின்ற அரசு. கேட்டது 6,675 கோடி, கிடைத்தது 522 கோடி. இரண்டிலும் கேட்டதில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கும் சற்றுக் குறைவுதான் கிடைத்திருக்கிறது. 2023இன் கணக்கு மட்டும் தனியாக நிற்கிறது: புயலுக்கு 285.54 கோடியும் தென்மாவட்ட வெள்ளத்துக்கு 397.13 கோடியும் ஒப்புதல் ஆகி, 276 கோடி விடுவிக்கப்பட்டது. ஒப்புதலானதே கேட்டதில் நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. இதற்கு விளக்கம் கேட்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு உண்டு. ஆனால் எல்லா ஆண்டும் இதே வஞ்சனைதான் என்ற பொத்தாம்பொதுவான பேச்சு, நியாயமான இந்தக் கேள்வியின் கூர்மையையும் மழுக்கிவிடுகிறது.

தொகையைவிட என்னை உறுத்துவது காலம்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது 2023 டிசம்பர் 17-18இல். மத்தியக் குழு அந்த மாதத்திலேயே வந்து பார்த்தது. மத்திய நிதியமைச்சர் 26ஆம் தேதி தூத்துக்குடிக்கு நேரில் வந்தார். ஒப்புதல் வெளியானதோ 2024 ஏப்ரல் 27 அன்று. தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு முடிந்து எட்டு நாள் ஆகியிருந்தது. மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான வழக்குகளுக்குரிய அரசியல் சட்டத்தின் 131ஆவது பிரிவின்கீழ் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தையும் நாடியிருந்தது. வறட்சி நிவாரணத்துக்காக அதற்கு முன்பே நீதிமன்றம் சென்ற கர்நாடகத்துக்கும் அதே நேரத்தில்தான் 3,454 கோடி வந்து சேர்ந்தது. நான்கு மாதம் கிடந்த கோப்பு வழக்குப் போட்ட பிறகு நகர்ந்தது என்றால், அது விதிமுறைக்காகக் காத்திருந்ததா, வேறெதற்காவது காத்திருந்ததா என்று பாமரனும் கேட்பான். முட்டுக்கட்டை போடுவதற்கு மறுப்புக் கடிதம் எழுத வேண்டியதில்லை. கோப்பில் கையெழுத்திடாமல் இருந்தாலே போதும்.

தாமிரபரணிக் கரையில் வாழையும் வெற்றிலையும் பயிரிட்டவர்களுக்கு அந்த நான்கு மாதம் என்பது ஒரு நடவுப் பருவம். பாசனப் பயிருக்கு அப்போதைய விதிமுறைப்படி ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், பல்லாண்டுப் பயிருக்கு 22,500 ரூபாய். ஏக்கர் கணக்கில் சொன்னால் முறையே சுமார் 6,900, சுமார் 9,100. மூடிய மணலை அள்ளிப்போடும் கூலிக்கே இது காணாது. அதிலும் குத்தகைக்கு உழுதவர் பெயர் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) இல்லையென்றால், பணம் பட்டா வைத்திருப்பவருக்குப் போய்விடும். இந்தத் தொகையை உயர்த்த வேண்டும் என்று எந்தக் கட்சியும் விடாமல் பேசிக் கேட்டதில்லை. மாறாக, யார் அப்பன் வீட்டுப் பணம் என்ற வாக்குவாதத்தில் அந்த டிசம்பரின் பல நாள்கள் கழிந்தன.

மாநில அரசின் பட்டுவாடாவிலும் குறையில்லாமல் இல்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாய், மற்ற வட்டங்களில் 1,000 ரூபாய் என்று ரொக்கமாகக் கொடுத்தார்கள். அப்போதைய மத்திய விதிமுறையிலோ துணிமணி இழப்புக்கு 2,500, பாத்திரம் பண்டங்களுக்கு 2,500 என்றுதான் இருந்தது. அதற்கும் வீடு இடிந்திருக்க வேண்டும் அல்லது இரண்டு நாளுக்கு மேல் தண்ணீர் நின்றிருக்க வேண்டும். அட்டைக்கு இவ்வளவு என்று கொடுப்பது விரைவானது, அந்த நேரத்தில் அவசியமானதும்கூட. அதைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எங்கள் பகுதியில் டோக்கன் வழங்கும் இடத்தில் ஊழியரைவிடக் கட்சிக்காரர்களே முன்னால் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். இது ஒரு கட்சியோடு நிற்கும் பழக்கமும் இல்லை. 2015 வெள்ளத்தில் யாரோ அனுப்பிய நிவாரணப் பொருள்கள் மீதும் அன்றைய முதலமைச்சரின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டப்பட்டதாக எழுந்த சர்ச்சையைத் தங்கள் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கேட்டது இவ்வளவு, கொடுத்தது இவ்வளவு என்ற ஒற்றை வரித் தலைப்பைத் தவிர்த்து, மூன்று தொகைகளைத் தனித்தனியே ஒரு பெட்டிச் செய்தியாக அச்சிடுங்கள்: ஆண்டுதோறும் உரிமையாக வரும் மாநில நிதியில் மத்தியப் பங்கு எவ்வளவு, விதிமுறைக்கு உட்பட்ட கோரிக்கை எவ்வளவு, தேசிய நிதியிலிருந்து ஒப்புதலானதும் விடுவிக்கப்பட்டதும் எவ்வளவு. பக்கத்திலேயே மனு போன நாள், குழு வந்த நாள், பணம் வந்த நாள் ஆகியவற்றையும் குறித்துவிட்டால், எந்த மேசையில் கோப்பு எத்தனை நாள் கிடந்தது என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்வார்கள். வரும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தங்கள் நாளிதழ் இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வருவாய்த் துறை ஊழியர்,
தூத்துக்குடி மாவட்டம்.