கோரிக்கை மனு: மதராஸ் துறைமுகத்தின் 19ஆம் நூற்றாண்டு அறிவிக்கைகளை மின்னுருவாக்கம் செய்யக் கோருதல்

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
தமிழ்நாடு ஆவணக் காப்பகம் மற்றும் வரலாற்று ஆராய்ச்சித் துறை,
எழும்பூர், சென்னை.

பொருள்: புனித ஜார்ஜ் கோட்டை அரசிதழில் வெளியான துறைமுகம் சார்ந்த குற்றவியல், பொதுச் சுகாதார அறிவிக்கைகளை ஒரே தொகுப்பாக மின்னுருவாக்கம் செய்யக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். சென்னைத் துறைமுக வரலாற்றைத் தொடர்ந்து படித்து வரும் நான், மேற்கண்ட அறிவிக்கைகளை நீதித்துறைத் தொகுதி என்றும் சுகாதாரத் தொகுதி என்றும் பிரித்துவிடாமல், ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கும் வகையில் மின்னுருவாக்கம் செய்து பொதுமக்கள் பார்வைக்கு வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்விரண்டையும் பிணைத்தது அன்றைய சட்டமே. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 271ஆம் பிரிவில், தனிமைப்படுத்தப்பட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையிலான போக்குவரத்து விதியைத் தெரிந்தே மீறுபவருக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்க இடமளித்தது. 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டமும் தன் ஆணையை மீறுவோரைத் தண்டிக்க அதே தண்டனைச் சட்டத்தின் 188ஆம் பிரிவையே நாடியது. 2020 ஊரடங்கின்போது நம்மீது பாய்ந்த சட்டங்களில் இந்தக் கொள்ளைநோய்ச் சட்டமும் ஒன்று என்பதைத் தாங்கள் அறிவீர்கள். ஆகவே ஒரு சுகாதார அறிவிக்கையைப் படிப்பவர், அதை மீறியவருக்கு நேர்ந்தது என்ன என்று அடுத்துத் தேட வேண்டியது நீதிமன்றப் பதிவுகளில்தான்.

மதராஸில் இதற்குத் தனி அழுத்தமும் உண்டு. 1860களின் தொடக்கத்தில் கப்பல்களில் ஏறி இறங்கக் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் அமையும் வரை கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆளும் சரக்கும் மசூலா எனப்படும், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகளில் அலை தாண்டி வந்தன. கட்டுமரக்காரர்கள் கடிதங்களை நனையாதபடி ஓலைத் தொப்பிக்குள் செருகிக்கொண்டு கப்பலுக்குப் போய்வந்தார்கள். இத்தகைய துறையில் ஒரு கப்பலைத் தனிமைப்படுத்துவது என்பது, நடைமுறையில், இந்தப் படகுக்காரர்களைத் தடுத்து நிறுத்துவதுதான். கப்பல்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் கிடைக்கின்றன. தடுக்கப்பட்டவர்களின் பெயர்கள் எங்கேனும் கிடைக்குமானால் அது இத்தகைய பதிவுகளில்தான் கிடைக்கும்.

நாடு கடத்தப்பட்டவர்களின் நிலையும் இதுவே. 1825 ஏப்ரல் 18 அன்று சுமத்ரா தீவிலுள்ள பென்கூலனிலிருந்து சிங்கப்பூரில் இறக்கப்பட்ட முதல் இந்தியக் கைதிகள் 80 பேரும் மதராஸ் மாகாணத்திலிருந்து அனுப்பப்பட்டவர்கள். சிங்கப்பூரின் புனித ஆண்ட்ரூ பேராலயத்தைக் கட்டியதில் இந்தியக் கைதிகளின் உழைப்பு இருக்கிறது. நெற்றியில் குற்றத்தைப் பச்சை குத்தும் வழக்கம் 1849இல்தான் ஒழிந்தது. தண்டனைக் காலம் முடிந்து அங்கேயே தங்கிவிட்டவர்களின் வழித்தோன்றல்கள் தம் முன்னோரின் ஊரைத் தேடினால், இங்குள்ள தீர்ப்புப் பதிவும் அங்குள்ள கைதிப் பதிவும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலேய எழுத்தர்கள் ஒரே பெயரைப் பலவிதமாக எழுதிவைத்திருப்பதால், வெறும் படிமங்களை ஏற்றினால் மட்டும் போதாது. தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், ஊர், கப்பல் வாரியாகத் தேடும் அடைவு ஒன்று தேவை என்பது என் முக்கியமான வேண்டுகோள்.

முன்னோடி முயற்சியாக 1876 முதல் 1878 வரையிலான தாதுவருடப் பஞ்ச காலத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்போது மதராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் காவலுடன் குவிந்து கிடக்க, பசித்தவர்கள் மணலில் சிந்திய மணிகளைப் பொறுக்கித் தின்றார்கள். தானியத் திருட்டு வழக்குகளும் காலரா பற்றிய அறிவிப்புகளும் ஒரே நகரத்தில் ஒரே மாதங்களில் நிகழ்ந்தவை. அவற்றை ஒரே திரையில் தேதி வரிசையில் பார்க்க முடிந்தால் பஞ்சத்தைப் பற்றிய நம் புரிதலே மாறும் என்று நம்புகிறேன்.

ஒரு விலக்கையும் கேட்க வேண்டியிருக்கிறது. பால்வினை நோய்களைத் தடுக்கவென்று வந்த 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் பாலியல் தொழிலாளர் எனப் பதிவுசெய்யப்பட்டு, கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உள்ளாக்கப்பட்ட பெண்களின் பெயர்களைப் பொதுத் தேடலில் சேர்க்க வேண்டாம். அச்சட்டம் 1888இல் நீக்கப்பட்டுவிட்டது. அதன் பட்டியலை நாம் மீண்டும் ஊருக்கு அறிவிக்கத் தேவையில்லை. ஆய்வாளர்கள் தனி அனுமதி பெற்றுப் பார்க்க வழி வைத்தால் போதும்.

அக்கால அச்சுத்தாள்கள் தொட்டால் ஓரம் உதிரும் நிலைக்கு வந்துவிடுவதால், மிகவும் நலிந்த தொகுதிகளை முதலில் படியெடுக்க ஆணையிடுமாறும், அடைவுப் பணிக்குத் தன்னார்வலர்களை அனுமதிப்பது குறித்துத் தங்கள் முடிவை எழுத்து மூலம் தெரிவிக்குமாறும் வேண்டுகிறேன். பெயர்களைப் படித்துத் தமிழில் எழுதும் பணியில் ஊதியமின்றிப் பங்கேற்க நான் ஆயத்தமாக உள்ளேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்