ஆற்றோடு இறங்கிய ஏழு நாள்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் வந்தபோது நான் வீட்டில் இல்லை, டான்யூப் ஆற்றங்கரையில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து பிரித்துப் பார்த்தால், "இந்த முழங்காலை வைத்துக்கொண்டு நான் எங்கே வருவது, நீ போய் வந்து சொல்லு" என்று எழுதியிருக்கிறாய். போய் வந்துவிட்டேன், சொல்கிறேன். ஆனால் முழங்கால் சாக்கை நான் ஏற்றுக்கொள்வதாக இல்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் தென்கிழக்கு ஓரத்தில் பஸ்ஸாவ் என்று ஓர் ஊர். அங்கிருந்து ஆஸ்திரியாவுக்குள் புகுந்து வியன்னா வரை ஏறக்குறைய 320 கிலோமீட்டர். பயந்துவிடாதே. பஸ்ஸாவ் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், வியன்னா சுமார் 160. அந்த வித்தியாசத்தை 320 கிலோமீட்டருக்குப் பரப்பிப் பார், இறங்குகிறோம் என்று கண்ணுக்கே தெரியாது. காற்றும் பெரும்பாலும் மேற்கிலிருந்துதான் வீசும் என்பதால் எல்லோரும் ஆற்றோட்டத்தோடு கிழக்கே போகிறார்கள். நான் ஏழு நாள் எடுத்துக்கொண்டேன், ஒரு நாளைக்கு நாற்பது ஐம்பது கிலோமீட்டர். என்னைத் தாண்டிப் போன எழுபது வயதுக்காரர்களை எண்ணுவதை இரண்டாம் நாளே விட்டுவிட்டேன்.

பஸ்ஸாவில் மூன்று ஆறுகள் சேருகின்றன. இன் ஆறு மலைப்பனி உருகி வருவதால் வெளிறிய பச்சை, இல்ஸ் சதுப்பு நிலத்திலிருந்து வருவதால் கறுப்பு, நடுவில் டான்யூப். முனையில் நின்றால் மூன்று நிறமும் கலக்காமல் கொஞ்ச தூரம் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவது தெரியும். ஆனால் எனக்குப் பிடித்தது அதுவல்ல, நகர மண்டபத்துச் சுவர். வெள்ளம் எந்த ஆண்டு எதுவரை ஏறியது என்று கோடு போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே உள்ள கோடுகளை நான் குனிந்து படித்தேன், அப்புறம் நிமிர்ந்து படித்தேன், கடைசியில் கழுத்தை வளைத்து அண்ணாந்து படிக்க வேண்டியதாயிற்று. எல்லாவற்றுக்கும் மேலே 1501, அதற்கு அடுத்து 2013. ஐந்நூறு வருஷம் கழித்து ஆறு தன் பழைய கோட்டைத் தேடி வந்திருக்கிறது. அதற்கப்புறம் வழியில் எந்தக் கிராமத்தில் நின்றாலும் முதலில் கோயில் கோபுரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு, தெருமுனை வீட்டுச் சுவரில் கோடு இருக்கிறதா என்று தேட ஆரம்பித்துவிட்டேன்.

இன்னொரு பைத்தியமும் பிடித்தது. கரையோரம் கிலோமீட்டர் பலகைகள் நட்டிருக்கிறார்கள். ஆறு பிறக்கும் இடத்திலிருந்து தூரம் எண்ணுவார்கள் என்று நினைத்திருந்தேன், இங்கேயோ கருங்கடலில் விழும் இடத்திலிருந்து மேல்நோக்கி எண்ணுகிறார்கள். பஸ்ஸாவில் 2226-ஐ ஒட்டி, வியன்னாவில் 1929-ஐ ஒட்டி. மிதிக்க மிதிக்க எண் குறைந்துகொண்டே வரும். ஒவ்வொரு மணி நேரமும் நின்று பலகை எண்ணைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், பரீட்சைக்கு நாள் எண்ணியது மாதிரி.

சரி, முழங்கால் விஷயத்துக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் எனக்கும் வலித்தது. வாடகைக்கு எடுத்த சைக்கிளில் சீட்டை நானேதான் இறக்கி வைத்துக்கொண்டேன், நின்றால் இரண்டு காலும் தரையில் பதிய வேண்டும் என்று. குரங்குப் பெடல் காலத்துப் பயம், இன்னும் போகவில்லை. ஷ்லோகன் என்ற இடத்தில் ஆறு பெரிய பாறை மலையில் முட்டி, அதை அறுக்க முடியாமல் அப்படியே வளைந்து வந்த திசைக்கே திரும்புகிறது. அங்கே ஒரு கரையில் பாதையே நின்றுபோகும், சின்னப் படகில் சைக்கிளோடு ஏறித்தான் தொடர வேண்டும். படகில் என்னோடு வந்த ஓர் அம்மாள், வயது எழுபதுக்கு மேல், நான் முழங்காலைத் தேய்த்துக்கொள்வதைப் பார்த்துவிட்டு என் சைக்கிளைப் பார்த்தார். அப்புறம் என்னைக் கேட்காமலேயே தன் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து சீட்டை நாலு விரல்கடை உயர்த்திவிட்டார். பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீண்டு, முட்டியில் லேசான மடிப்பு மட்டும் இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்று கையால் காட்டினார். சீட்டு தாழ்ந்திருந்தால் ஒவ்வொரு மிதிக்கும் முட்டி அதிகமாக மடங்கி, பாரம் முழுக்க முன்பக்கம் விழுகிறது. மூன்றாம் நாளிலிருந்து வலி இல்லை. நீ வீட்டு வாசலில் மிதிக்கும் சைக்கிளின் சீட்டை முதலில் போய்ப் பார். எனக்கு உன்னைத் தெரியும், என்னைவிட இறக்கி வைத்திருப்பாய்.

இந்தப் பாதை இவ்வளவு சமமாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பல இடங்களில் இது சைக்கிளுக்காகப் போட்ட பாதையே இல்லை. நீராவிக் கப்பல் 1830களில் வருவதற்கு முன்னால் உப்பும் தானியமும் ஏற்றிய படகுகளை எதிர்நீச்சலாக மேலே கொண்டுபோக, முப்பது நாற்பது குதிரைகளைக் கயிற்றில் பூட்டிக் கரையோரமாக இழுத்துப் போயிருக்கிறார்கள். குதிரை நடக்க வேண்டும், கயிறு மரத்தில் சிக்கக்கூடாது, ஏற்றம் இருக்கக்கூடாது. அதனால் தண்ணீரை ஒட்டியே வழி. அவர்கள் வாரக்கணக்கில் மூச்சுவாங்க ஏறிய வழியில் நாம் ஹாயாக இறங்குகிறோம்.

லின்ஸ் பெரிய ஊர், தொழிற்சாலைகள் நிறைய, ரயிலில் தாண்டினாலும் பாவமில்லை. அதைத் தாண்டி இருபது கிலோமீட்டர் சுமாரில் மவுத்ஹவுசன். ஆற்றங்கரையில் அழகான வரிசை வீடுகள், ஜன்னலில் பூந்தொட்டி. ஊருக்கு மேலே குன்றில் நாஜிகளின் வதைமுகாம். 1938 ஆகஸ்டில் தொடங்கியது, 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்து சேரும்வரை நடந்தது. ஏறக்குறைய 1,90,000 பேரை அங்கே கொண்டுவந்தார்கள், குறைந்தது 90,000 பேர் திரும்பவில்லை. இடத்தைத் தேர்ந்தெடுத்ததே கிரானைட்டுக்காக. வியன்னா தெருக்களுக்குப் பாவிய கல் இந்தக் குவாரியிலிருந்து போனது. குவாரியிலிருந்து மேலே 186 படிகள், கைதிகள் முதுகில் பாறை சுமந்து ஏறிய படிகள். மேலே ஏறும் சாலை இந்தப் பயணத்திலேயே செங்குத்தானது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போனேன். மாலை கீழே இறங்கி வந்தபோது பூந்தொட்டிகள் அப்படியே இருந்தன. அன்று குறிப்பேட்டில் பலகை எண் எதுவும் இல்லை, பின்னால் பார்த்தபோதுதான் கவனித்தேன். நீ வந்தால் அங்கே நிற்காமல் போகலாம் என்று சொல்லாதே, நிற்போம்.

மறுநாள் கிரைன். பள்ளத்தாக்கு இங்கே குறுகி, இரண்டு பக்கமும் காடு இறங்கி வருகிறது. முன்பு இந்தப் பகுதியில் சுழலும் பாறையும் படகுகளை விழுங்கிக்கொண்டிருந்தனவாம். பிறகு பாறைகளை வெடி வைத்துத் தகர்த்து, கீழே அணையும் கட்டி, இப்போது ஏரி மாதிரி கிடக்கிறது தண்ணீர். ஊரின் நடுவில் 1791-இல் கட்டிய குட்டி நாடக அரங்கம், பழைய தானியக் கிடங்குக்குள். மடக்கும் இருக்கைகளுக்குப் பூட்டு, காசு கட்டியவர் கையில் சாவி, அவர் வராவிட்டாலும் வேறொருவர் உட்கார முடியாது. அது போகட்டும், பக்கத்து அறை சிறைச்சாலை. சுவரில் ஒரு ஓட்டை. கைதிகளும் நாடகம் பார்த்திருக்கிறார்கள், ஓசியில்! அந்த ஓட்டை முன்னால் கால் மணி நேரம் நின்றேன். நம் இருவரில் யார் எந்தப் பக்கம் இருந்திருப்போம் என்று உனக்கே தெரியும்.

மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை முப்பத்தைந்து கிலோமீட்டர் சுமார், அதற்கு வாஹாவ் என்று பெயர். 2000-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். எல்லோரும் இதற்காகத்தான் வருகிறார்கள், கூட்டமும் இங்கேதான். சரிவு முழுக்கத் திராட்சைப் படிவயல்கள். அவற்றைத் தாங்கும் சுவர்களில் சிமெண்ட் கிடையாது, கல்மேல் கல், இடுக்கு வழியாக மழைநீர் வழிந்துவிடும், அதனால் சுவர் உப்பி விழாது. ஒருவர் சரிந்த இடத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். ஒரு கல்லை எடுப்பார், பொருத்துவார், பிடிக்காமல் திருப்புவார், மறுபடி எடுப்பார். நான் அங்கே இருந்த நேரத்தில் அவர் வைத்தது மூன்றே கல்.

வில்லென்டார்ஃபில் 1908-இல் ரயில் பாதை வேலையின்போது ஒரு சின்னக் கல் பெண்ணுருவம் கிடைத்தது, பதினோரு சென்டிமீட்டர் உயரம், ஏறக்குறைய முப்பதாயிரம் வருஷம் பழையது. அசல் வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கல் இந்த ஊர்க் கல்லே இல்லை, இத்தாலியின் வடக்கிலிருந்து வந்திருக்கலாம் என்று 2022-இல் ஆய்வாளர்கள் சொன்னார்கள். யாரோ மடியில் முடிந்துகொண்டு இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்கள், நாம் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

டியூர்ன்ஷ்டைனில் இங்கிலாந்து மன்னன் ரிச்சர்டை 1192 குளிர்காலத்தில் அடைத்து வைத்த கோட்டையின் இடிபாடு இருக்கிறது. ஊர் அழகுதான், ஆனால் கப்பல் பயணிகள் இறங்கியபின் தெருவில் சைக்கிளை உருட்டக்கூட இடமில்லை. காலை ஒன்பதுக்குள் பார்த்துவிட்டு படகில் எதிர்க்கரைக்குப் போய்விடு. தென்கரையில் கிராமம் குறைவு, ஆள் அதைவிடக் குறைவு, எனக்கு அதுதான் பிடித்தது.

கிரெம்ஸுக்குப் பின் பள்ளத்தாக்கு முடிந்து சமவெளி. நான் போன அன்று காற்று கிழக்கிலிருந்து வந்து முகத்தில் அறைந்தது, மேற்குக் காற்றாவது மண்ணாங்கட்டியாவது. ஒதுங்கி நின்ற இடம் ட்ஸ்வென்டென்டார்ஃப் அணுமின் நிலையத்துக்கு எதிரே. முழுசாகக் கட்டி முடித்து, ஒரு நாள்கூட ஓட்டாமல் விட்டது அது. 1978-இல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், 50.5 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள், அத்தோடு முடிந்தது.

அடுத்த செப்டம்பரில் மறுபடி போகிறேன், இந்தத் தடவை வாஹாவில் மட்டும் மூன்று நாள். சைக்கிள் கடையில் அளவு கேட்பார்கள். செருப்பில்லாமல் சுவரோரம் நின்று, தரையிலிருந்து கவட்டை வரை எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து அனுப்பு. குத்துமதிப்பாக எழுதாதே, யாரையாவது பிடித்து டேப் வைத்து அளக்கச் சொல்.

உன்
பழைய கூட்டாளி