பழைய ஆலயத்தில் நரம்பிசைக்கு மைக் எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தமிழக–கேரள எல்லைப் பகுதியில், திருவிதாங்கூர் ஆட்சிக் காலத்தில் கட்டப்பட்ட பழைய கிறிஸ்தவ ஆலயம் ஒன்றில் அண்மையில் நடந்த ஆங்கிலச் செவ்வியல் இசை நிகழ்ச்சி பற்றித் தங்கள் நாளிதழில் செய்தி வெளியாகியிருந்தது. மார்த்தாண்டம், குழித்துறையிலிருந்து மட்டுமன்றி, களியக்காவிளைக்கு அப்பால் பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்தும் மக்கள் வந்து ஆலயம் நிறைந்ததைச் செய்தி சரியாகவே சொல்லியிருந்தது. அதில் இடம்பெறாத குறை ஒன்றை, இனி இத்தகைய நிகழ்ச்சிகளை நடத்துவோரின் கவனத்துக்காக எழுதுகிறேன். வயலின் முதல் டபுள் பாஸ் வரை எல்லாக் கருவிகளுக்கும் மைக் வைத்து, தூணுக்குத் தூண் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள்.

நிகழ்ச்சியில் ஆங்கில இசையமைப்பாளர் மூவரின் படைப்புகள் இருந்தன. எல்கர் 1892-இல் முடித்த செரினேடும், லண்டனில் தாம் இசை கற்பித்த பெண்கள் பள்ளிக்காக ஹோல்ஸ்ட் எழுதிய செயின்ட் பால்ஸ் தொகுப்பும் அந்த இரைச்சலை ஒருவாறு தாங்கிக்கொண்டன. (செரினேட் ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம்தான், பொன்னாடை போர்த்தும் படலம் அதைவிட நீண்டது.) தாங்க முடியாமல் போனது, நிகழ்ச்சியின் முடிமணியாக வைத்திருந்த வான் வில்லியம்ஸின் டாலிஸ் பேன்டசியா.

அந்தப் படைப்பு எப்படிப் பிறந்தது என்பதை அறிந்தால் என் வருத்தம் விளங்கும். தாமஸ் டாலிஸ் என்னும் இசையமைப்பாளர் 1567-இல் விவிலியச் சங்கீதங்களின் ஆங்கிலப் பாடல் நூல் ஒன்றுக்கு அமைத்த மெட்டு, நம் தோடியின் சுரங்களுக்கு அருகில் நடமாடுவது. 1906-இல் வெளியான ஞானப்பாட்டு நூலுக்கு இசைப் பதிப்பாசிரியராக இருந்த வான் வில்லியம்ஸ் அதில் இந்த மெட்டைச் சேர்த்தார். பிறகு அதையே கருவாகக் கொண்டு நரம்பிசைக் கருவிகளுக்கு மட்டுமான பெரும்படைப்பை உருவாக்கினார். 1910 செப்டம்பர் 6 அன்று குளோஸ்டர் பேராலயத்தில் அவரே நடத்த, அது முதன்முதலில் இசைக்கப்பட்டது. அதில் பெருங்குழு ஒன்று, ஒன்பது பேர் கொண்ட சிறுகுழு ஒன்று, தனித்து வாசிக்கும் நால்வர் என மூன்று அணிகள் உண்டு. சிறுகுழு இயன்றவரை விலகி அமர வேண்டும் என்று இசைக்குறிப்பிலேயே அவர் எழுதியிருக்கிறார். பெருங்குழு ஒரு வரியை வாசித்து நிறுத்த, தொலைவிலிருந்து சிறுகுழு அதற்கு மெல்ல விடை சொல்ல, அந்த இடைவெளியைக் கட்டடத்தின் எதிரொலி நிரப்ப வேண்டும் என்பதே அமைப்பு.

எங்கள் நிகழ்ச்சி அமைப்பாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். அந்த ஒன்பது பேரையும் வாசலுக்கு மேலுள்ள மாடத்தில் ஏற்றி உட்கார வைத்திருந்தார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டவே வேண்டும். ஆனால் அவர்கள் முன்னும் மைக்கை நிறுத்தியதால், பின்னாலிருந்து மெல்லியதாக வர வேண்டிய விடை, பெருங்குழுவின் ஓசை வந்த அதே பெட்டியிலிருந்து, அதே உரப்பில் வந்தது. ஒரே ஓசை இரண்டு இடங்களிலிருந்து சிறிது முன்பின்னாகக் காதை எட்டினால், முதலில் எட்டிய திசையையே காது நம்பும். மின்கம்பியில் நொடிப்பொழுதில் ஓடிவரும் ஒலி, காற்றில் நொடிக்குச் சுமார் 345 மீட்டர் வேகத்தில் வரும் நேரடி ஒலியை முந்திக்கொள்கிறது. எனவே மாடத்தில் ஒன்பது பேர் வில்லசைத்ததைக் கண் கண்டதே தவிர, காது அறியவில்லை.

மைக் இல்லாத வயலினைக் கேட்கும் பழக்கமே நமக்கு விட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறேன். இந்தக் கருவி நமக்குப் புதியதன்று. கிழக்கிந்தியக் கம்பெனியாரின் இசையைக் கேட்ட பாலுசாமி தீட்சிதர் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு மன்னர் சுவாதித் திருநாள் 1834-இல் யானைத் தந்தத்தாலான வயலின் ஒன்றைப் பரிசளித்ததும் நம் திருவிதாங்கூரில்தான். அவர்கள் காலத்துக் கச்சேரிகளில் ஏது மின்சாரம்? இன்றைய சபாக்களிலோ, ஐம்பது பேர் அமரும் அறையிலும் மைக் இல்லாமல் தம்பூரா கூட மீட்டுவதில்லை.

பின்வரிசையில் இருப்போருக்குக் கேட்காதே என்று சிலர் சொல்லக்கூடும். மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடியில் 1809-இல் ஆலயம் எழுப்பிய காலந்தொட்டு, இப்பகுதிச் சபையார் தலைமுறை தலைமுறையாக மைக்கின்றிப் பிரசங்கம் கேட்டார்கள், கீர்த்தனை பாடினார்கள். தடித்த சுவரும் சுண்ணாம்புப் பூச்சும் உயர்ந்த கூரையும் கொண்ட ஆலயம், இருபது முப்பது நரம்பிசைக் கருவிகளின் ஓசையைக் கடைசி இருக்கை வரை கொண்டு சேர்க்கும். உண்மையில் அன்று மெல்லிய பகுதிகளை விழுங்கியவை தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறிகளும், வெளியே ஓடிய ஜெனரேட்டருமே. அவற்றை அடக்க ஒலியைக் கூட்டினார்கள். கூட்டியதும் எதிரொலியோடு மோதிக் குழம்பியது.

ஆகவே, வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் ஒரு மைக் போதும் என்றும், இசை தொடங்கியதும் அதையும் அணைத்துவிட வேண்டும் என்றும் அமைப்பாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். டிசம்பரில் கொயர்களுக்குக் கிறிஸ்துமஸ் வேலை இருக்கும், மழைக்காலமும் ஒத்துவராது. ஜனவரி மாத மாலை ஒன்றைத் தேர்ந்தால், ஜன்னல்களைத் திறந்து வைத்து மின்விசிறி இல்லாமலே ஒன்றரை மணி நேரம் அமர்ந்திருக்கலாம். ஜெனரேட்டரைப் பின்புறத் தெருவுக்கு நகர்த்துவதும் கடினமன்று.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
மார்த்தாண்டம்.