மூன்று பூட்டுப் பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

சீட்டுப் பிடித்தவர் ஊரை விட்டு ஓடிய செய்தி அடிக்கடி வருகிறது, சரி, அப்புறம் எங்கள் பெண்கள் எதை நம்பிச் சேமிப்பது? ஆப்பிரிக்காவில், நைஜர் நாட்டின் மராடி வட்டாரத்தில் 1991-இல் கேர் என்ற தொண்டு அமைப்பின் துணையோடு தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவிய கிராமச் சேமிப்புக் குழுக்களில் பணப்பெட்டிக்கு மூன்று பூட்டு, சாவிகள் மூன்று பேரிடம், பெட்டி வேறொருவர் வீட்டில். கூட்டம் கூடினால்தான் திறக்கும், எல்லார் கண்முன்னே எண்ணிக் கடன் கொடுப்பார்கள், வட்டியும் குழுவுக்கே சேரும், சுமார் ஒரு வருடம் முடிந்ததும் அவரவர் பங்குக்கு ஏற்பப் பிரித்துக்கொள்வார்கள். அந்தக் கடனில்தான் ஆடு வாங்குகிறார்கள், நிலக்கடலை வாங்கி எண்ணெய் எடுத்து விற்கிறார்கள்.

செட்டிநாட்டில் கொட்டான் என்னும் பனையோலைக் கூடை முடையும் பெண்களுக்கு ஓலையும் சாயமும் வாங்க முன்பணம்தான் இடிக்கிறது. நுண்கடன் வாங்கினாலோ, ஒரு கொட்டான்கூட விற்காத வாரத்திலும் தவணைக்கு வாசலில் ஆள் நிற்கிறது. சுயஉதவிக் குழுக்கள் நல்லவைதான், ஆனால் எங்கள் பக்கம் சில குழுக்களில் கணக்கு நோட்டு ஒருவர் வீட்டிலேயே கிடக்கிறது, கையிருப்பு எவ்வளவு என்று மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காரைக்குடி, கோட்டையூர் பகுதியில் சில குழுக்களிலாவது இந்தப் பெட்டி முறையை மகளிர் திட்ட அலுவலர்கள் சோதித்துப் பார்க்க வேண்டும்.

வாசகி, கோட்டையூர்