ரீஸ்டார்ட் செய்யச் சொல்வதற்கு முன்: லினக்ஸ் டிஸ்ட்ரோக்களை உருவாக்குபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் டிஸ்ட்ரோக்களை உருவாக்கிப் பராமரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். பல ஆண்டுகளாக லினக்ஸ் இயங்குதளத்தை மட்டுமே, உபுண்டு, ஃபெடோரா போன்ற உங்கள் டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ் தொகுப்புகள்) வழியாகப் பயன்படுத்துகிறேன். உங்களில் பலர் சம்பளம் வாங்காமல் செய்யும் வேலையை நம்பித்தான் என் வேலை நடக்கிறது. அந்த நன்றியோடு ஒரு குறையைச் சொல்ல வந்திருக்கிறேன்.

என் தங்கை முப்பரிமாண வடிவமைப்பு படிக்கிறாள். அவளுடைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு, கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரையும் நிறுவிக் கொடுத்தவன் நான். பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருள் அருமையாக ஓடியது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் இரவு போன் செய்தாள். "அண்ணா, அப்டேட் வந்துச்சு, போட்டேன். ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிச்சு. இப்ப ஸ்கிரீன் கறுப்பா இருக்கு, ஒண்ணுமே வரல." மறுநாள் காலை அவள் தன் வேலையை ஒப்படைக்க வேண்டும். போனிலேயே ஒவ்வொரு படியாகச் சொல்லி, கணினி தொடங்கும்போது வரும் கிரப் மெனுவை வரவழைத்து, அப்டேட்டுக்கு முந்தைய பழைய கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியைத் தேர்ந்தெடுக்க வைத்தேன். டெஸ்க்டாப் வந்துவிட்டது. அதுவரை அவள் அழுகையை அடக்கிக்கொண்டு பேசியிருக்கிறாள் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அப்புறம் அந்த லேப்டாப்பின் பதிவுக் கோப்புகளைப் பார்த்தேன். புதிய கர்னல் இறங்கியதும், டிகேஎம்எஸ் என்ற கருவி அதற்கேற்ற டிரைவர் மாட்யூலை (கர்னலோடு இணையும் டிரைவர் பகுதியை) கட்ட முயன்றிருக்கிறது. கட்டுவதற்குத் தேவையான, அந்தக் கர்னலுக்கான ஹெடர் கோப்புகள் இல்லை. கட்ட முடியவில்லை என்று தெளிவாக எழுதியும் வைத்திருக்கிறது. ஆனால் அவள் பார்த்த அப்டேட் சாளரத்தில், எல்லாம் முடிந்தது, ரீஸ்டார்ட் செய்யுங்கள் என்பது மட்டும்தான் இருந்தது.

நண்பர்களே, கணினிக்கு அந்த நேரத்திலேயே தெரிந்திருக்கிறது! அடுத்த முறை பூட் ஆகும்போது கிராபிக்ஸ் வராது என்பது தெரிந்த பிறகும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறது. இதைத்தான் மாற்றச் சொல்கிறேன். மாட்யூல் கட்டப்படவில்லை என்றால் புதிய கர்னலை இயல்பான தேர்வாக வைக்காதீர்கள். பழைய கர்னலிலேயே பூட் ஆகட்டும். ஏன் அப்படி என்று, டெர்மினலையே திறக்காதவருக்கும் புரிகிற மொழியில் திரையில் இரண்டு வரி சொல்லுங்கள்.

இதற்கு என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். கர்னல் பாதுகாப்புத் திருத்தங்களைத் தள்ளிப்போட முடியாது என்பீர்கள். சரி, அது நியாயமான கவலைதான். ஆனால் கறுப்புத் திரையைப் பார்த்தவர் என்ன செய்கிறார்? பழைய கர்னலுக்குத் திரும்புகிறார், அல்லது பயந்துபோய் அப்டேட் செய்வதையே நிறுத்திவிடுகிறார். காரணத்தைச் சொல்லி இரண்டு நாள் தாமதிப்பதைவிட இது பாதுகாப்பானதா?

பழி டிரைவரை மூடி வைத்திருக்கும் நிறுவனத்தின் மேல்தான் என்று சொல்பவர்களும் உண்டு. அதில் பெரும்பகுதி உண்மை. ஏஎம்டியின் ஏஎம்டிஜிபியு டிரைவர் 2015-இல் 4.2 பதிப்போடு கர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. கர்னல் மாறினால் அதுவும் கூடவே மாறும். இன்டெல் கார்டுகளும் அப்படித்தான். என்விடியாவின் டிரைவர் கர்னலுக்கு வெளியே இருப்பதால் ஒவ்வொரு கர்னலுக்கும் தனியாக மாட்யூல் கட்ட வேண்டியிருக்கிறது. 2022 மே மாதம் அவர்கள் கர்னல் மாட்யூல்களின் மூலநிரலைத் திறந்துவிட்டார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் அவை டூரிங் என்ற கார்டுத் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய கார்டுகளுக்கும் மட்டுமே பொருந்தும். அவையும் கர்னலுக்கு வெளியேதான் இருக்கின்றன. என்விடியா டிரைவருக்குக் கட்டற்ற மாற்றான நூவோவை எழுதியவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. டூரிங்குக்கு முந்தைய மேக்ஸ்வெல் கார்டுகளின் இரண்டாம் தலைமுறையிலிருந்து, நிறுவனம் கையொப்பமிட்ட ஃபர்ம்வேர் (கார்டுக்குள்ளேயே ஓடும் மென்பொருள்) கட்டாயமானதால், கார்டை முழு வேகத்தில் ஓட்டும் வழியே அவர்களுக்குப் பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தது.

கர்னலுக்குள் இருக்கும் இடைமுகங்களை (டிரைவர்கள் கர்னலோடு பேசும் வழிகளை) நிலையாக வைத்திருக்க மாட்டோம் என்பது கர்னல்காரர்களின் தெரிந்தெடுத்த கொள்கை. அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் இந்த இழுபறியில் என் தங்கைக்கு எந்தப் பங்கும் இல்லை. லேப்டாப்பில் இருக்கும் கார்டைக் கழற்றி வேறு கார்டு மாட்டவும் அவளால் முடியாது. 'வேறு கார்டு வாங்கு' என்பது அவளுக்குப் பதிலே ஆகாது.

பயனர் இப்படிச் சிக்கிக்கொள்ளும் இன்னொரு இடம் செக்யூர் பூட், அதாவது நம்பகமான கையொப்பம் இல்லாததைக் கணினி தொடங்கும்போது தடுக்கும் பாதுகாப்பு. பயனரின் கணினியிலேயே கட்டிய மாட்யூலுக்குக் கணினி புதிதாக ஒரு சாவியை உருவாக்கிக் கையொப்பமிடுகிறது. நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கிறது. எதற்கு என்று பலருக்கும் புரிவதில்லை. ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரை ஒன்று வருகிறது, சில நொடிகள்தான் காத்திருக்கிறது. அதில் எம்ஓகே எனப்படும் அந்தப் புதிய சாவியைப் பதிவு செய்யும் தேர்வை எடுத்து, அந்தக் கடவுச்சொல்லைத் தர வேண்டும். வைரஸ் வந்துவிட்டதோ என்று பயந்து 'பூட் ஆவதைத் தொடர்க' என்பதை அழுத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். சாவி பதிவாகாது, மாட்யூலைக் கர்னல் ஏற்காது. நூவோவையோ என்விடியா டிரைவரை நிறுவும்போதே தடுத்து வைத்தாயிற்று. ஆக, இரண்டு டிரைவரும் இல்லை.

அந்த நீலத் திரையின் படத்தை, கடவுச்சொல் கேட்கும் இடத்திலேயே காட்டினால் என்ன? எதை அழுத்த வேண்டும் என்று அதில் வட்டமிட்டுக் காட்டலாம். அங்கே விசைப்பலகை அமெரிக்க அமைப்பில்தான் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வேறு அமைப்பில் தட்டச்சு செய்பவர்கள் சரியான கடவுச்சொல்லைத் தந்தும் தோற்றுப்போகிறார்கள். சாவி பதிவாகவில்லை என்றால், அடுத்த முறை டெஸ்க்டாப் வந்ததும் மறுபடி கேளுங்கள்.

முடியாததைக் கேட்கவில்லை. உபுண்டு, கையொப்பமிட்ட மாட்யூல்களை முன்கூட்டியே கட்டித் தொகுப்பாகத் தருகிறது. அவற்றைப் பயன்படுத்துபவருக்கு நீலத் திரையும் இல்லை, கட்டும் வேலையும் இல்லை. ஃபெடோரா 2024-இல் வந்த 41-ஆம் பதிப்பில், சாவிப் பதிவையும் சேர்த்து மென்பொருள் கடையிலிருந்தே டிரைவரை நிறுவ வழி செய்தது. டெபியன் 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, மூடிய ஃபர்ம்வேரை நிறுவு ஊடகத்திலேயே சேர்க்க முடிவெடுத்தது. கொள்கைப் பிடிப்புள்ள சமூகமே பயனரின் சிரமத்தைப் பார்த்து இவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கிறது.

ஆனால் ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃப்யூஷன் என்ற வெளி மென்பொருள் களஞ்சியத்திலிருந்து டிரைவரை நிறுவுபவர், மாட்யூல் பின்னணியில் கட்டி முடியும்வரை சில நிமிடம் காத்திருந்துதான் ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அது ஆவணத்தில் இருக்கிறது. ஆவணத்தைப் படிக்காதவர், நிறுவல் முடிந்துவிட்டது என்று நம்பி உடனே ரீஸ்டார்ட் பொத்தானை அழுத்துகிறார். வேலை முடியும்வரை அந்தப் பொத்தான் காத்திருக்கக் கூடாதா?

தங்கையின் லேப்டாப்பில், கர்னலோடு ஹெடரும் சேர்ந்தே வரும்படி அதற்கான தொகுப்பை நிறுவிவிட்டேன். அதற்குப் பிறகு சிக்கல் இல்லை. ஆனாலும் அப்டேட் அறிவிப்பு வந்தால் இன்றைக்கும் எனக்குப் போன் செய்து, "போடலாமா அண்ணா?" என்று கேட்டுவிட்டுத்தான் போடுகிறாள்.

உங்களில் யாராவது இந்த மாற்றங்களைக் கையில் எடுத்தால், என்னிடம் இருக்கும் கார்டுகளில் சோதித்து முடிவுகளை எழுதி அனுப்புகிறேன். செய்திகளைத் தமிழில் மொழிபெயர்த்தும் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் டிஸ்ட்ரோக்களின் நெடுநாள் பயனர் ஒருவன்